மச்சானுக்கு வார்த்த குண்டு

உங்கள் வீட்டு வாசலில், விடிந்தும் விடியாத நேரத்தில், ஒரு காட்டெருமை வந்து நின்றால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? கத்துவீர்கள், கதவைச் சாத்துவீர்கள், புருஷனை எழுப்புவீர்கள். உங்களுக்குப் புத்தி இருக்கிறது. மூங்கிப்பள்ளத்துக் குருவம்மாவுக்கோ அன்றைக்கு இடுப்பில் எட்டு மாதப் பெண் பிள்ளை உட்கார்ந்து தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது, கையில் அரிசி கழுவின தண்ணீர்ச் சட்டி இருந்தது, தூக்கம் பாதி கண்ணில் ஒட்டியிருந்தது, வாசலில் கொம்போடு எதுவோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மாடு என்றால் கழுநீர் வைக்க வேண்டும் என்பது கை தானாகச் செய்கிற காரியம். வைத்துவிட்டாள். வைத்ததோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மூன்று வருசத்தில் வாசலில் யார் வந்து நின்றாலும் "வாங்கண்ணே" என்று சொல்லிச் சொல்லிப் பழகின வாய், அதையும் சொல்லிவிட்டது.

அது குடித்தது. சட்டியின் அடியில் ஒட்டிய நொய்யையும் நக்கியது. அப்புறம்தான் குருவம்மா ஏறிட்டுப் பார்த்தாள். ஓட்டுக்கூரையின் விளிம்பு அதன் திமிலில் இடித்தது. உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்தாற்போல ஒரு கறுப்பு, முழங்காலுக்குக் கீழே நாலு காலிலும் எஸ்டேட் தொரைமார் மாட்டுகிற காலுறை மாதிரி ஒரு வெள்ளை. சட்டி காலியானதும் தலையை ஒருதரம் தாழ்த்தி, வந்த வழியே காட்டுக்குள் போனது. மத்தியானம் அதே மாடு ஊர்ப் பட்டாணிக் காட்டில் இறங்கி, கிழக்குக் கோடியிலிருந்த முதல் வீட்டுப் பாத்தியைச் செடி பாக்கியில்லாமல் தின்று தீர்த்தது.

இதெல்லாம் காட்டெருமையைச் சுடக்கூடாது என்று சட்டம் வருவதற்கு ஒன்பது வருசம் முன்னால் நடந்தது. ஆகவே ஊர் மொத்தமும் நேராக ஒரே வீட்டுக்குத்தான் வந்தது, அந்த வீடு குருவம்மாவின் வீடாக இருந்தது, அதற்குப் பெயரே துப்பாக்கி வீடு. வெள்ளைக்காரத் தொரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது, தனக்குத் துப்பாக்கி சுமந்த ஆளுக்கு, அதாவது குருவம்மாவின் செத்துப்போன மாமனாருக்கு, தன் பெரிய வேட்டை ரைஃபிளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். யானையைப் படுக்க வைக்கிற இரட்டைக்குழல் சாமான் அது. அதோடு ஒரு டப்பா வெடிமருந்து, பதிமூன்று வெறும் தோட்டாக்கூடு, தோட்டாவை வெடிக்க வைக்கிற கேப்பு ஒரு சிமிழ் நிறைய, குண்டு வார்க்கிற ஓர் இரும்பு அச்சு, சுவரில் மாட்டுகிற ஒரு கொம்புத் தலை. அன்று முதல் அறுப்புக்கு அறுப்பு ஒவ்வொரு வீடும் ஒரு மரக்கால் பட்டாணி துப்பாக்கிப் பங்கு என்று கொண்டுவந்து கொட்டியது. பெரிய மிருகம் ஏதாவது வந்தால் துப்பாக்கி வீடு பார்த்துக்கொள்ளும். பதினைந்து வருசமாகப் பெரிய மிருகம் எதுவும் வரவில்லை. பதினைந்து வருசமாகப் பட்டாணி மட்டும் வந்தது. மாமனார் அந்தத் துப்பாக்கியை ஒருதரம்கூடச் சுட்டதில்லை என்பதும், சுவரில் இருக்கிற கொம்புத் தலையைத் தொரையே வேறு யாரிடமோ வாங்கினார் என்பதும் வீட்டோடு இருந்த ரகசியம். குருவம்மாவின் புருஷன் பொன்னையனோ அந்தக் கொம்புத் தலைக்குக் கீழே உட்கார்ந்துதான் மீசையை முறுக்குவான். நல்ல மீசை. வெளியூரில் பெண் பார்க்க வந்தபோது குருவம்மா பார்த்தது அந்த மீசையை மட்டும்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

"பொன்னையா, எடுப்பா துப்பாக்கிய" என்றார் நாட்டாமை சடையாண்டி.

"எடுத்துட்டாப் போச்சு மாமா. நாளைக்குக் காலையில வாசல்லயே வச்சு முடிச்சிடுறேன்" என்றான் பொன்னையன். சொல்லும்போது குரல் கொஞ்சம் மேலே போய்க் கீழே வந்தது.

அப்போதுதான் அவனுடைய அக்காள் சவுந்தரம், பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "வாசல்ல எப்பிடிடா சுடுவ? ஒம் பொண்டாட்டி அதுக்குத் தண்ணி வச்சுட்டா. அண்ணேன்னு வேற கூப்பிட்டுட்டா. நான் என் ரெண்டு காதாலயும் கேட்டேன்" என்றாள்.

ஊர் நாட்டாமையின் முகத்தைப் பார்த்தது. ஏன் என்றால், மூங்கிப்பள்ளத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர் மேல் அந்த வீட்டார் கை வைக்கக் கூடாது. வைத்தே ஆக வேண்டும் என்றால், எதை வைத்து அடிக்கப் போகிறோம் என்பதை அவரிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் சரி என்று தலையசைத்த பிறகுதான் அடிக்கலாம். பங்காளிச் சண்டை மலிந்த காலத்தில் யாரோ யோசித்து வைத்தது. கம்பைக் காட்டினால் 'இது ரொம்பத் தடி' என்பான், மெல்லிசாக ஒன்று கொண்டுபோனால் 'என்னை என்ன ஆட்டுக்குட்டின்னு நெனச்சியா' என்பான், நாலாவது கம்பு தேடப் போகிறபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். அந்த வழக்கத்தில் மனுசன் என்றும் மாடு என்றும் பிரித்துச் சொல்லவில்லை.

"தண்ணி குடிச்சது குடிச்சதுதான்" என்றார் நாட்டாமை, நெடுநேரம் தாடையைச் சொறிந்துவிட்டு. "நாளைலருந்து குண்டை வாசல்ல வச்சுக் காட்டுங்க. எந்தக் குண்டுக்குச் சம்மதம் சொல்லுதோ அந்தக் குண்டைக் கொண்டு காட்டுல வச்சுச் சுடணும். பட்டாணி முழுசும் போறதுக்குள்ள முடிச்சிருங்க."

"மச்சானைச் சுடுறதுக்கு மச்சான்கிட்டயே போயிக் குண்டு காட்டப் போறான் பொன்னையன்" என்று டீக்கடை மூக்கையா சொன்னான். அன்றைக்கு ஆரம்பித்தது. ஊர் அதைத் தொரை என்றது, வெள்ளைக் காலுறைக்காக. பொன்னையனிடம் பேசும்போது மட்டும் மச்சான் என்றது.

குண்டு வார்க்கிற வேலை குருவம்மாவின் தலையில் விழுந்ததற்குக் காரணம் அவளுடைய வாய்தான். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் பிறந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கைக்கணக்கில் ஒரு பித்தளை டம்ளர் பரிசு வாங்கினவள், அந்த டம்ளரை வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் காட்டி, "என் கைக்கு அளவு தப்பாது" என்று சொல்லித் தீர்த்தவள். அளவு தப்பாத கை கிண்டுகிற கேழ்வரகுக் களி மட்டும் ஏனோ கல் மாதிரி வரும். சவுந்தரம் அன்றைக்கே சொன்னாள்: "ஈயம் எதுக்குக் குருவு? நீ கிண்டுன களியில ஒரு உருண்டை போதும், காட்டுமாடு என்ன, கருங்கல்லே பிளந்துரும்."

எல்லோரும் சிரித்தார்கள், குருவம்மாவும் சிரித்தாள். சிரித்த வாயோடு வீட்டுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்தவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. வெள்ளைக்காரத் தொரை கைப்பட எழுதின ஒரு காகிதம் மருந்து டப்பாவுக்குள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆரோக்கியம் வாத்தியாரிடம் ஓடினாள். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் படித்தார்.

"மருந்து எவ்வளவு போடணும்னு எழுதியிருக்காரும்மா. 'இதுக்கு மேல ஒரு பொட்டும் போடாதே, போட்டால் குழல் வெடிக்கும்'னு ரெண்டு கோடு போட்டு எழுதியிருக்காரு."

"எதுக்கு மேல சார்?"

"அந்த இடத்தை எலி தின்னுருச்சு."

காகிதத்தின் நடுவில் பட்டாணி அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக வாத்தியாரின் கட்டைவிரல் தெரிந்தது. பக்கத்து மலையில் இப்படித்தான் ஒருவன் மருந்தை அள்ளிப் போட்டுச் சுட்டு, ஒரு கண்ணும் ஒரு காதும் போய், மிச்ச முகத்தோடு பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று வாத்தியார் சொன்னார். "குறைச்சுப் போட்டா?" என்று கேட்டாள். குறைத்துப் போட்டால் குண்டு தோலோடு நிற்கும், அடிபட்ட காட்டுமாடு சுட்டவனைத் தேடி வரும், அது வந்தால் மிச்ச முகம்கூட இருக்காது என்றார். கூடினாலும் புருஷன், குறைந்தாலும் புருஷன்.

இருந்தாலும் வேலை வேலைதான். பிள்ளையைச் சவுந்தரத்திடம் கொடுத்துவிட்டு, ஈயப் புகை வீட்டுக்குள் வராமல் கொல்லையில் அடுப்பு மூட்டி, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பணியாரம் ஊற்றுகிற லாவகத்தில் அச்சில் ஊற்றினாள். முதல் குண்டு சுத்த ஈயம். மறுநாள் காலை அதை முறத்தில் வைத்து வாசலில் வைத்தாள், பக்கத்தில் கழுநீர்ச் சட்டி. ஊரே ஓட்டின் மேலும் வேலியின் மேலும் உட்கார்ந்து பார்த்தது. தொரை வந்தது. தண்ணீரைக் குடித்தது. முறத்தில் இருந்த குண்டை மோந்து, ஈர மூக்கால் ஒரு ஊது ஊதியது. குண்டு உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது.

"வேணாங்குது" என்றார் நாட்டாமை. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சந்தேகம் எல்லாம் ஏன் வேண்டாம் என்றது என்பதில்தான். மூக்கையாவின் டீக்கடையில் பெஞ்சு போதாமல் இரண்டு மரக்கட்டையை உருட்டிப் போட்டார்கள். வாழ்நாளில் முயலைக்கூடக் கிட்டத்தில் பார்த்திராத ஆட்களெல்லாம் ஒரே நாளில் வேட்டைக்காரர்களாகி, மெத்து ஈயம் அதன் தோலில் பட்டால் தட்டின வடை மாதிரி பரந்துபோகும், உள்ளே இறங்காது என்று ஒரு கட்சியும், கெட்டிக் குண்டென்றால் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் நிற்காமல் போய்விடும், நம்ம ஊரில் நிற்காத பேருந்தைப் போல என்று இன்னொரு கட்சியும் ஆனார்கள். மூக்குக் கூர்மையாக இருக்க வேண்டும் என்றார்கள். மூக்கு மொட்டையாக இருந்தால்தான் அடி விழும் என்றார்கள். குண்டு கனத்தால் மெதுவாகப் போகும், ஆனால் போன இடத்தில் உட்காரும் என்றார்கள். லேசாக இருந்தால் சட்டென்று போகும், ஆனால் எலும்பைப் பார்த்ததும் மனம் மாறிவிடும் என்றார்கள். பேசினதில் பாதி சரியாகவும் இருக்கலாம். எந்தப் பாதி என்றுதான் யாருக்கும் தெரியாது.

குருவம்மா எல்லாம் செய்து பார்த்தாள். பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் கலந்து கெட்டியாக்கினாள், தொரை ஊதிவிட்டது. தலையைத் தட்டி மொட்டையாக்கினாள். நக்கிப் பார்த்துவிட்டு ஊதியது. அரத்தால் தேய்த்துக் கூராக்கினாள். அதை மோந்ததும் தும்மியது, தும்மலில் முறமே போனது. பிறகு ஊர் தன் வீட்டுச் சாமானைக் கொண்டுவரத் தொடங்கியது. மீன் வலையின் கட்டிகள் வந்தன, வளைந்த பித்தளைக் கரண்டிகள் வந்தன, ஒற்றைக் காலின் தண்டை வந்தது, அறுந்த கோயில் மணியின் நாக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் தன் வீட்டு உலோகத்தைத் தொரை ஒத்துக்கொண்டால் அது பெருமை என்று ஓர் எண்ணம் வந்துவிட்டது. ஒத்துக்கொள்ளாமல் ஊதிவிட்டால் பொல்லாத அவமானம். புடவைக் கடையில் உட்கார்ந்த கல்யாணப் பெண்ணாவது மூன்றாவது நாள் ஒன்றை எடுத்துவிடுவாள். இது பதினைந்து நாள் எதையும் எடுக்கவில்லை.

பதினாறு நாளில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. தொரை வந்து போன பிறகு பள்ளிக்கூடத்து மணியை அடித்தார்கள். பால் கறக்கிறவர்கள் அது தண்ணீர் குடித்து முடிக்கும் வரை சந்தில் நின்று வழிவிட்டார்கள். பெண் பார்க்க வந்த ஒரு கூட்டத்தை, "கொஞ்சம் பொறுங்க, மாடு குண்டு பாக்குது" என்று சொல்லி வேலியோரம் உட்கார வைத்தார்கள், அவர்களும் சரி என்று உட்கார்ந்தார்கள். குருவம்மாவின் பிள்ளை அதைப் பார்த்ததும் கையைத் தட்டக் கற்றுக்கொண்டது. காலையில் இத்தனை மரியாதை. மத்தியானம் ஆனால் அதே தொரை பட்டாணிக் காட்டில் அடுத்த பாத்தியில் நின்றது. விரட்டப் போனவர்களை ஒன்றும் செய்யவில்லை, திரும்பி ஒரு பார்வை பார்த்தது, அவர்களே வந்துவிட்டார்கள். இருபத்து மூன்று வீட்டுப் பட்டாணியில் பதினாறு வீட்டுப் பட்டாணி போய்விட்டது. பதினாறு வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்கள் வாசல் வழியாகப் போகும்போது குருவம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெள்ளிக்கிழமை பட்டாணி பறிக்கணும்" என்றார் நாட்டாமை, பதினாறாம் நாள் சாயந்திரம். "மிச்சம் இருக்கிறது ஏழு பாத்தி. வியாழக்கிழமைக்குள்ள பொன்னையன் சுடலேன்னா, துப்பாக்கிய ஊருக்கு ஒப்படைச்சிட்டு அந்தக் கொம்புத் தலையையும் கழட்டிருங்க. இனிமே யாரும் பட்டாணி கொண்டாற மாட்டாங்க."

அன்றைக்குப் பொன்னையன் சாப்பிடவில்லை. கொம்புத் தலைக்குக் கீழே உட்கார்ந்து, மீசையை முறுக்காமல் தடவிக்கொண்டிருந்தான்.

"குருவு, உண்மையச் சொல்றேன். எனக்குச் சுடத் தெரியாது" என்றான்.

"அது எனக்குத் தெரியுங்க."

"எப்பத்துலருந்து?"

"கல்யாணத்தன்னிக்கு வாண வேடிக்கை விட்டப்ப நீங்க எம் முந்தானைக்குப் பின்னாடி நின்னீங்கள்ல, அப்பத்துலருந்து."

பதினேழாம் நாள் காலையில்தான் அந்தத் தவறு நடந்தது. தவறு என்று குருவம்மா சொன்னாள். வேறு எந்த ஊரிலாவது நடந்திருந்தால் தவறாகவே போயிருக்கும். முந்தின நாள் இரவுக் களியில் மிஞ்சின ஓர் உருண்டையை, ஒரு கல் உப்பு வைத்துத் தட்டி, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே தின்னலாம் என்று எடுத்தாள். வாசலில் கொம்பு தெரிந்தது. இடுப்பில் பிள்ளை, கையில் கழுநீர்ச் சட்டி, களியை எங்கே வைப்பது? அன்றைய குண்டு இருந்த முறத்தின் ஓரத்தில் வைத்தாள். தொரை தண்ணீரைக் குடித்தது. முறத்தருகே வந்து குண்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. களியை எடுத்து வாயில் போட்டது. கண்ணை மூடிக்கொண்டு, வெற்றிலை போடுகிற பெரிய மனுசன் மாதிரி, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் மாற்றி மாற்றி, ஊர் மொத்தமும் எச்சில் விழுங்குகிற அளவுக்கு நேரம் எடுத்து மென்றது. பிறகு தலையை மேலும் கீழும் மூன்றுதரம் அசைத்தது.

வேலி மேல் இருந்தவர்கள் யாரும் இறங்கவில்லை.

"சம்மதம் சொல்லிட்டாரு" என்றார் நாட்டாமை.

"மாமா, அது களி!" என்றான் பொன்னையன்.

"முறத்துல இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு. ஆனா…"

"காட்டுனது எதுன்னு நமக்கு முக்கியம் இல்லப்பா. சரின்னது எதுன்னுதான் வழக்கம் கேக்குது. வேற குண்டு போட்டுச் சுட்டா அது வழக்கத்தைச் சுட்ட மாதிரி. நாளைக்கு ஒம் பொண்டாட்டி களியத்தான் போட்டுச் சுடணும்."

சவுந்தரம் சுவருக்கு மேலிருந்து, "நான் அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டீங்க?" என்றாள்.

சம்மதம் சொன்ன அன்றைக்கு மத்தியானம் தொரை பட்டாணிக் காட்டில் இறங்கவில்லை. குருவம்மா களி கிண்டினாள். வாழ்க்கையில் முதல்முதலாகக் கல் மாதிரி வர வேண்டும் என்று நினைத்துக் கிண்டினாள், அன்றைக்கென்று பார்த்து வெண்ணெய் மாதிரி வந்து தொலைத்தது. சவுந்தரம் பார்த்துவிட்டு வாயில் அடித்துக்கொண்டாள். திரும்ப, எதையும் நினைக்காமல், பிள்ளையை அதட்டிக்கொண்டே கிண்டினாள், வழக்கம்போல வந்தது. உப்பைத் தாராளமாகப் போட்டு, அச்சில் அமுக்கி, ஓட்டின் மேல் ஒரு பகல் முழுக்க வெயிலில் வைத்து எடுத்தபோது, தட்டினால் டங்கென்றது. சவுந்தரம் அதைக் கையில் வாங்கி, "ஒரு சொட்டு ஈயம் கலக்கலையே!" என்றாள். அது புகழ்ச்சியா இல்லையா என்று குருவம்மா கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை மருந்து அளக்கும் நேரம் வந்தது. அளவுக்கு அவள் வைத்திருந்தது பிள்ளைக்குப் பால் புகட்டின பழைய பாலாடை, மூக்கு உடைந்து ஒதுக்கிப் போட்டது. எத்தனை பாலாடை என்று ஊர் முழுக்க ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தது. மூக்கையா மூன்று என்றான். நாட்டாமை, களி லேசான பொருள் என்பதால் அதைத் தள்ள நாலு வேண்டும் என்றார். வாத்தியார் காகித ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லோரையும் வெளியே நிற்க வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, குருவம்மா தோட்டாக்கூட்டை எதிரில் நிறுத்தி உட்கார்ந்தாள். கூடினால் துப்பாக்கி அவனைக் கொல்லும். குறைந்தால் மாடு அவனைக் கொல்லும். இரண்டில் யாரை நம்புவது என்று தன்னையே கேட்டாள். இந்தத் துப்பாக்கி பதினைந்து வருசமாக இந்த வீட்டில் இருக்கிறது, இந்த வீட்டுத் தண்ணீரை ஒருதரம்கூடக் குடித்ததில்லை. அந்த மாடு பதினேழு நாள் குடித்திருக்கிறது. ஒரே ஒரு பாலாடை மருந்தைப் போட்டாள். மிச்ச இடத்தை உப்புமா கிண்ட வைத்திருந்த ரவையால் நிரப்பினாள். மேலே களிக்குண்டை வைத்து அமுக்கினாள். நாலைந்து ரவை கீழே சிந்தியது, அதையும் விரலால் ஒற்றி எடுத்துப் போட்டாள்.

"எத்தனை பாலாடை போட்ட?" என்று காதோடு கேட்டான் பொன்னையன்.

"சரியாப் போட்டேன்."

"சரின்னா எத்தனை?"

"சரின்னா சரிதான். நீங்க கண்ணை மூடாம சுடுங்க, அது போதும்."

மத்தியானம் பட்டாணிக் காட்டின் வரப்பில் பொன்னையன் நின்றான். ஊர் பின்னால் நின்றது. நின்றது என்பதைவிட, பின்னால் இருந்த பேரி மரங்களில் ஏறி உட்கார்ந்தது. குருவம்மா மட்டும் மரம் ஏறவில்லை. பிள்ளையைச் சவுந்தரத்திடம் மரத்தின் மேல் கொடுத்துவிட்டு, புருஷனுக்குப் பத்தடி பின்னால் நின்றாள். தொரை காட்டிலிருந்து வந்தது. பேசி வைத்தாற்போல, பதினேழாவது பாத்தியின் விளிம்பில், நாவிதன் முன் உட்காருகிறவனைப் போல அடக்கமாகப் பக்கவாட்டில் நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. முப்பதடி தூரம்தான். பொன்னையன் துப்பாக்கியைத் தூக்கினான். குழல் வடக்கே போனது, தெற்கே போனது, ஒருதரம் நாட்டாமை உட்கார்ந்திருந்த மரத்தையும் பார்த்துவிட்டு வந்தது. அவர் ஒரு கிளை மேலே ஏறினார். குருவம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு பாலாடை. எலி தின்ற எண் அரைப் பாலாடையாக இருந்தால்? கால் பாலாடையாக இருந்தால்? 'சாமி, அந்த எலி தின்ன எண்ணு பெரிய எண்ணா இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டாள்.

டொப்.

டமார் இல்லை, குழம்பு கொதிக்கிற சட்டியின் மூடி எகிறினாற்போல ஒரு டொப். குழல் முனையிலிருந்து வெள்ளையாக ஒரு புகை, புகைக்குள்ளிருந்து ரவை, ரவைக்குப் பின்னால் நூறு துண்டாக உதிர்ந்த களி. எல்லாம் பொன்னையனுக்கு முன்னால் ஆறடிக்குள் விழுந்தது, பாதி காற்றில் திரும்பி அவன் மேலேயே விழுந்தது. பொன்னையன் கண்ணை மூடியிருந்தான். மெதுவாக ஒரு கையால் இரண்டு கண்ணையும் இரண்டு காதையும் தொட்டுப் பார்த்தான். எல்லாம் இருந்தது.

தொரை முகத்தைத் திருப்பியது. திரும்பி, பட்டாணியை ஒரு காலால்கூட மிதிக்காமல், வாய்க்கால் வழியாக நடந்து அவனிடம் வந்தது. "ஓடுடா!" என்று மரங்கள் கத்தின. ஓடுவதற்குக் கால் வேண்டும், அது அவனிடம் அப்போது இல்லை. குருவம்மா ஓடினாள், புருஷனைப் பார்த்து ஓடினாள், பத்தடி ஓடுவதற்குள் அது வந்துவிட்டது. தலையைத் தாழ்த்தியது. கொம்பு இரண்டும் அவனுடைய இரண்டு பக்கமும் கதவு மாதிரி வந்தன. நாக்கை நீட்டி, தரையில் இருந்த உப்புக் களியை நக்கி, குழலை நக்கி, சட்டையை நக்கி, கடைசியில் அவனுடைய முகத்தைக் கீழிருந்து மேலாக ஒரே நக்கு நக்கியது. காட்டுமாட்டின் நாக்கு அரம் மாதிரி. மீசையின் இடப்பக்கம் அதோடு போய்விட்டது.

பிறகு திருப்தியாக ஒரு மூச்சு விட்டு, காட்டைப் பார்த்து நடந்துபோனது. மிச்சம் ஏழு பாத்தியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மரங்களிலிருந்து ஊர் இறங்குவதற்கு நேரமானது. இறங்கின நாட்டாமை வேட்டியை உதறிக் கட்டி, "சுட்டது சுட்டாச்சு. பட்டுச்சா பட்டுச்சு. அது ஒத்துக்கிட்ட குண்டு, அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஏழு பாத்தியையும் பறித்து இருபத்து மூன்று வீட்டுக்கும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். கொம்புத் தலை சுவரிலேயே இருந்தது. இனிமேல் வியாழக்கிழமை வியாழக்கிழமை காட்டு எல்லையில் ஒரு களிக்குண்டு சுட்டுவிட வேண்டும், மாடு அங்கேயே நின்றுவிடும் என்று முடிவானது. துப்பாக்கி வீடு வாங்கித் தின்ற பட்டாணிக்கு முதல்தடவையாக ஒரு வேலை செய்யப் போகிறது என்று சவுந்தரம் சுவருக்கு மேலிருந்து சொன்னாள்.

பொன்னையன் வலப்பக்க மீசையையும் எடுத்துவிடவில்லை. ஒற்றை மீசையை முறுக்கிக்கொண்டு மூக்கையா கடையில் உட்கார்ந்து, எப்படிக் குறி பார்த்தான், எப்படி மூச்சை அடக்கினான், நாலு பாலாடை மருந்தின் உதை தோளில் எப்படி விழுந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தான். நாலு பாலாடை என்று அவன் சொன்னபோது, குழந்தையோடு அந்த வழியாகப் போன குருவம்மா பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு வீட்டில் உப்புமா ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமைக்கு அக்கம்பக்கத்து மலை ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வரப் போவதாகச் செய்தி வந்தது. லாரியில் வருகிறார்களாம். பொன்னையன் முந்தின நாளே சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தான்.

அந்த வியாழக்கிழமை விடிகாலையில் தொரை வழக்கம்போல வந்து நின்றது. குருவம்மா கழுநீர்ச் சட்டியை வைத்தாள். பிள்ளை கையைத் தட்டியது. அது குடித்து முடித்து, நொய்யை நக்கி, தலையைத் தூக்குகிற வரைக்கும் காத்திருந்தாள். வீட்டுக்குள் பொன்னையன் குறட்டை விடுகிற சத்தம் கேட்கிறதா என்று ஒருதரம் காதைக் கொடுத்துப் பார்த்தாள். கேட்டது. கிட்டத்தில் போய், அதன் ஈரக் காதுக்கு அருகில் வாயை வைத்து, மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணே, இன்னைக்கு வெளியூராளுக வர்றாங்க. உப்பு ஒரு பிடி கூடப் போட்டிருக்கேன். அவரு குறி எங்க போனாலும் போகட்டும், நீங்க மட்டும் பட்ட மாதிரி ஒரு காலை மடக்கி எந்திரிச்சிட்டுப் போங்கண்ணே."